இரண்டு தரம் காய்ச்சியது

ஜூன் 4

டாக்டர் ஹேமலதா இன்று புதிதாக ஒன்றைச் சேர்த்தார். கொழுப்பு. நல்ல கொழுப்பாம். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது. உடலால் தானாகச் செய்துகொள்ள முடியாதது. வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

"மீன் சாப்பிடுவியாம்மா?"

"வாசம் ஆகறதில்லீங்க. முட்டையே நிக்க மாட்டேங்குது."

"அப்ப மீன் எண்ணெய் மாத்திரை எடுத்துக்க. இல்லாட்டி கடல்பாசியில இருந்து எடுக்கறது வருது. ஆளிவிதைகூடப் பரவால்ல. எதையாவது ஒண்ணத் தினமும் எடு."

எதையாவது ஒன்று. டாக்டர்கள் இப்படிச் சொல்லக் கூடாது.

ஐந்தாம் மாதம் தொடங்கியிருக்கிறது. போன முறை நாங்கள் ஐந்தாம் மாதத்தைப் பார்க்கவில்லை. இதை ஒரு முறை எழுதிவிட்டேன். இனி எழுத மாட்டேன்.

ஜூன் 5

உடுமலையில் பெரிய மருந்துக் கடை. மேஜைமேல் இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் ஒரே மீன், ஒரே துள்ளல்.

"ரெண்டும் மீன் மாத்திரைதானுங்க. எது வேணும்?"

ஒன்றில் பொடி எழுத்தில் 'ஈரல்' என்றிருந்தது. மீனின் உடலிலிருந்து எடுக்கும் எண்ணெய் வேறு, ஈரலிலிருந்து எடுப்பது வேறு. ஈரலில் வைட்டமின் ஏ கூடுதல். அது அளவு மீறினால் கருவுக்கு ஆகாது. நேற்றுதான் படித்தேன். படிக்காமல் இருந்திருந்தால்?

சுட்டதுபோல் அதைக் கீழே வைத்தேன். கடைக்காரர் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பாசி மாத்திரை இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டுமாம். மற்றொரு மீனை வாங்கி வந்தேன்.

ஜூன் 6

வாந்தி. மூன்று மணிவரை கடல் தொண்டையிலேயே இருந்தது.

ஜூன் 7

என் மொழியியல் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திறந்து வைத்துக்கொண்டு கொழுப்பு அமிலங்களைப் பற்றிப் படித்தேன். ஆளிவிதையில் இருப்பது மூலப்பொருள்தான். உடல் அதில் சிறிதளவைத்தான் குழந்தைக்கு வேண்டியதாக மாற்றும். மீனும் பாசியும் நேரடியாகத் தருபவை. ஆனாலும் விதை. விதை என்ற சொல்லில் பயம் குறைவு.

ஆளிவிதை எண்ணெய் வேண்டும் என்று நிரஞ்சனிடம் சொன்னேன். அத்தையும் இருந்தார். அத்தை என்றால் அவன் அம்மா. நான் உண்டானதிலிருந்து காங்கயத்து வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு இருக்கிறார். அவர் எதிரில் அவனை 'நீங்க' என்பேன். அறைக்குள் 'நீ'.

"எண்ணெயக் குடிக்கோணுமா?" என்றார் அத்தை. "நல்லதுதான். ஆனா பச்சை எண்ணெய வயித்துப் புள்ளக்காரிக்குக் குடுக்கப்படாது. நாங்கெல்லாம் வெளக்கெண்ணெயவே காய்ச்சி வடிச்சுத்தான் தொடுவோம். நிரஞ்சா, காய்ச்சினதாப் பாத்து வாங்கியா."

தண்ணீர், பால், எண்ணெய். இந்த வீட்டில் காய்ச்சியதெல்லாம் நல்லது. காய்ச்சாததெல்லாம் சந்தேகம்.

ஆளி எண்ணெயைச் சூடாக்கக் கூடாது என்று படித்திருந்தேன். சூட்டில் கெட்டுவிடுமாம். சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

போன முறை எல்லாவற்றையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். டாக்டர், மாத்திரை, பழம், படுக்கும் பக்கம்கூட. இந்த முறை யாராவது தேர்ந்தெடுக்கட்டும்.

ஜூன் 9

எண்ணெய் வந்துவிட்டது. பழைய தண்ணீர் பாட்டிலில், தேன் நிறத்தில், கனமாக.

நிரஞ்சன் வேட்டைக்குப் போய் வந்தவன் மாதிரி பேசினான். "நாலு மருந்துக் கடை ஏறி எறங்கினேன். ஆளிவிதை எண்ணெய்னா முழிக்கறாங்க. செல்லுல பாத்தேன், இங்கிலீஷ்ல லின்சீடுன்னு இருந்துச்சு. அப்பறம் சந்தைப்பேட்டைல அந்தப் பழைய எண்ணெய்க் கடை இருக்குதுல்ல, வேப்பெண்ணெ, புங்கெண்ணெ எல்லாம் பீப்பாய்ல வெச்சிருப்பாங்களே, அங்க கேட்டேன். உடனே 'பச்சையா, காய்ச்சினதா?'ன்னான்."

"பாத்தியா!" அத்தை என் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சினதுன்னேன். 'ரெண்டு தரம் காய்ச்சினது இருக்குதுங்க, அதுதான் எல்லாரும் வாங்கறது'ன்னான். அதையே குடுன்னுட்டேன்."

"ரெண்டு தரமா? அட சாமி. நானே ஒரு தரந்தான் காய்ச்சுவேன்."

மூவரும் சிரித்தோம். பல நாட்களுக்குப் பிறகு.

ஜூன் 10

காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன். புது வீட்டு வாசனை. கதவுகளெல்லாம் இன்னும் திறந்தே கிடக்கும், யாரும் குடிவராத புது வீடு.

"மருந்துன்னா மல்லிப்பூவாட்டமா மணக்கும்? மூக்கப் புடிச்சுட்டு முழுங்கு கண்ணு."

விழுங்கினேன்.

ஜூன் 15

மதியம், துணி மடிக்கும்போது. உள்ளே யாரோ விரலைச் சொடுக்கியதுபோல. ஒரே ஒரு தரம்.

கையில் இருந்த சட்டையோடு அப்படியே நின்றேன். அசைந்தால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. நிரஞ்சனிடம் சாயங்காலம்தான் சொன்னேன். அதுவரை உண்மைதானா என்று தெரியவில்லை.

ஜூன் 17

ஸ்பூன் ஒட்டுகிறது. இரண்டு தரம் சோப்புப் போட்டும் போகவில்லை. நேற்று அதைத் துடைத்த துணி இன்று அட்டைபோல விறைத்து நிற்கிறது. வேறெந்த எண்ணெயும் இப்படிச் செய்து பார்த்ததில்லை.

துணியைக் குப்பையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யாராவது முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

ஜூன் 20

தலைவலி. நாக்கில் பழைய நாணயத்தின் சுவை. தேடிப் பார்த்தேன். இரண்டுமே கர்ப்பத்தின் அறிகுறிப் பட்டியலில் இருக்கின்றன. எதைக் கேட்டாலும் கர்ப்பம் என்று பதில் வருகிறது. பசிக்கும், பசியின்மைக்கும், அழுகைக்கும், அழ முடியாமைக்கும்.

பயத்துக்கும்தான்.

ஜூன் 22

அசைவு இல்லை.

ஜூன் 22, மாலை

வந்தது. மெல்ல. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். கீரை வாங்கி வந்த அத்தை, "கால் மரத்துப் போச்சா கண்ணு?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூன் 25

எண்ணெய் மாறியிருக்கிறது.

அதே பாட்டில். ஆனால் நிறம் வெளுத்திருந்தது. புது வீட்டு வாசனை இல்லை. வறுத்த எள்ளைப்போல ஏதோ ஒன்று, இலேசாக. நன்றாகவே இருந்தது. அதனால்தான் பயந்தேன். கெட்டுப்போய்விட்டதா, அல்லது என் நாக்கு கெட்டுவிட்டதா?

"நிரஞ்சன், இது வேற மாதிரி இருக்கு."

"அடில இருந்தது தெளிஞ்சிருக்கும்." கண்ணாடியைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டே சொன்னான். ஏற்கெனவே வாரியிருந்த தலை.

ஜூன் 26

அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. மில்லுக்குப் போகும்போது வாசலிலிருந்து இரண்டு தரம் திரும்பி வந்து, "ஆடுதா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லும்வரை செருப்பைப் போட்டுக்கொண்டே இருந்தான்.

மாலையில் மாடியில் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ரத்தத்துல தெரிஞ்சுருங்களா டாக்டர்? ... இல்லீங்க. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா."

கீழே இறங்கி வந்துவிட்டேன். துணிகள் கொடியிலேயே கிடந்தன.

அவனுக்கு என்னவோ இருக்கிறது. அவன் அப்பா ஈரல் கெட்டு இறந்தவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லையாம். இவனுக்கு முப்பத்தொன்று.

குழந்தைக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தேன். பயத்தை ஒரே இடத்தில் குவித்து வைத்திருந்தது எவ்வளவு வசதி என்று இப்போது தெரிகிறது.

ஜூன் 27

டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னாராம். கிளம்பு என்றான். சரி, அவனுக்கும் சேர்த்து எடுப்பார்கள், அங்கே வைத்துச் சொல்வான் என்று நினைத்தேன். பரிசோதனைக் கூடத்தில் என் கையை மட்டும் நீட்டச் சொன்னார்கள். இரண்டு குப்பிகள்.

"உனக்கு எடுக்கலயா?"

"எனக்கு எதுக்கு தாரு? உனக்கு இரும்புச் சத்து பாக்கோணும்னாங்க."

"இது சென்னைக்குப் போகோணுங்க, ரிசல்ட் வர நாளாகும்" என்றாள் ரத்தம் எடுத்த பெண்.

வண்டியில் வரும்போது அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

இரும்புக்கு எதற்குச் சென்னை?

ஜூன் 29

காலை

பெனிட்டா வந்தாள். விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தவள். தூத்துக்குடிக்காரி. இப்போது பொள்ளாச்சியில் ஒரு பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறாள். பாவாடை முழுக்க வண்ணக் கறை.

"ஏட்டி, வயிறு எங்க? ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கே, ஒண்ணத்தையும் காணோமே."

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். காபி போட அவளையும் சமையலறைக்குக் கூட்டிப் போனேன். அலமாரித் தட்டில் பாட்டில் இருந்த இடத்தில் ஒரு வளையம். வழிந்து காய்ந்த எண்ணெய். பெனிட்டா அதை நகத்தால் சுரண்டினாள். மெல்லிய பொன்னிறத் தோலாக உரிந்து வந்தது. மோந்து பார்த்தாள்.

"நீ எப்பட்டி பெயிண்ட் பண்ண ஆரம்பிச்சே? சொல்லவே இல்ல?"

"நானா?"

"இது லின்சீட்லா. எங்க கிளாஸ் ரூமே இந்த வாசம்தான்."

"அது ஆளிவிதை எண்ணெய்டி. நான் குடிக்கிறது. குழந்தைக்கு."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்க வாங்கினீங்க?"

சொன்னேன்.

"பச்சையா, காய்ச்சினதா?"

அதே கேள்வி. நிரஞ்சன் சொன்னபோது மூவரும் சிரித்த கேள்வி.

"காய்ச்சினது. ரெண்டு தரம்."

பெனிட்டா அடுப்பை அணைத்தாள். பால் பொங்கவே இல்லை. என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எதிரில் குத்த வைத்து உட்கார்ந்தாள். எங்கள் அறையில் யாருக்காவது வீட்டிலிருந்து கெட்ட சேதி வந்தால் அப்படித்தான் உட்காருவாள்.

"கேட்டியா, பதறாத. காய்ச்சினதுன்னா அங்க சுத்தம்னு அர்த்தம் இல்ல. மரத்துக்கும் கதவுக்கும் அடிக்கிற எண்ணெய் அது. சீக்கிரம் காயணும்லா? அதுக்காவ அதுல உலோக உப்பு எதையாவது கலப்பாங்க. கோபால்ட்டு, மாங்கனீசு... முன்ன காலத்துல ஈயம். இப்பவும் சில பேரு. அதத்தான் காய்ச்சினதுன்னு பேரு சொல்லி விக்காங்க."

காய்வதற்காகக் காய்ச்சியது.

நான் மொழியியல் படித்தவள். ஒரு சொல்லுக்கு இரண்டு வீடுகளில் இரண்டு பொருள் இருக்கலாம் என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அது வயிற்றுக்குள் போகும் என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"எத்தன நாளா குடிச்சே?"

கை வயிற்றுக்குப் போயிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அமைதி. அது தூங்குகிறதா, அல்லது நான் எழுதக் கூடாத அந்த வேறொன்றா?

"இந்தப் பாட்டில்ல இருக்கது அது இல்ல" என்றாள் பெனிட்டா, மூடியைத் திறந்து மோந்துவிட்டு. "இது தின்கிற எண்ணெய். யாரோ மாத்தி ஊத்தியிருக்காங்க."

யாரோ.

மாடியில் கேட்டது, கண்ணாடியைப் பார்த்துப் பேசியது, சென்னைக்குப் போன இரும்பு. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவனுக்கு நோய் இல்லை. ஒரு நொடி நிம்மதி வந்தது. அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மாலை

நிரஞ்சன் வந்ததும் கதவைச் சாத்தினேன்.

"எப்பத் தெரியும்?"

எதைப் பற்றி என்று கேட்கவில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"இன்னொரு பாட்டில் வாங்கப் போனேன். பக்கத்துல நின்னவரு அதையே கேட்டாரு. 'ஜன்னலுக்கா, கதவுக்கா?'ன்னு கடைக்காரன் அவர்கிட்ட கேக்கறான். அப்பறம் என்னையப் பாத்து, 'உங்களுக்கும் ஜன்னலுக்குத்தானுங்களே?'ன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"ஆமான்னேன்."

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது நினைவில்லையாம். பாட்டிலைச் சாக்கடையில் கொட்டிக் கழுவி, பல கடை தேடி மூடி முத்திரையோடு விற்கும் தின்கிற ஆளி எண்ணெயை வாங்கி ஊற்றி, டாக்டருக்குப் போன் செய்திருக்கிறான். ஈயம் பார்க்க வேண்டும் என்று அவர்தான் சொன்னார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லல?"

"நீ பயந்துக்குவேன்னு."

"இப்ப பயப்படாத மாதிரியா இருந்தேன்? எண்ணெய் மாறுனதுக்கே பயந்தேன். உனக்கு ஈரல் போச்சுன்னு பயந்துட்டு இருந்தேன்டா!"

"என்ற ஈரலா?"

சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். முகத்தை மூடிக்கொண்டான்.

"போன தரம் நீ ஒருத்தரையும் திட்டல தாரு. டாக்டரத் திட்டல, என்னையத் திட்டல. உன்னையத்தான் திட்டிக்கிட்டே. அந்தப் பழத்தைத் தின்னேன், இந்தப் பக்கம் படுத்தேன்னு. இதையும் நீயே எடுத்துக்குவேன்னு தோணுச்சு. இது என்னோடது. நாந்தான் வாங்கியாந்தேன்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டலாம் என்றுதான் கதவைச் சாத்தினேன். முடியவில்லை. குழந்தை அசைந்ததா என்று அவன் கேட்டான். இன்னும் இல்லை என்றேன். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அடுத்த அறையில் யாரோ எழுந்திருப்பதற்காகக் காத்திருப்பவர்கள்போல.

ஜூன் 30

அதிகாலையில் இரண்டு சொடுக்கு. அவனை எழுப்பினேன். அவன் கை வைத்தபோது இல்லை. "நீ பொய் சொல்லலையே?" என்றான்.

ரிசல்ட் வரவில்லை.

ஜூலை 1

வரவில்லை. குளிக்கும்போது போனைக் குளியலறை ஜன்னலில் வைத்திருந்தேன். பிளாஸ்டிக் வாளி விற்பவர் தெருவில் கத்தியதற்கு எடுத்து ஹலோ என்றேன்.

ஜூலை 2

டாக்டர் கூப்பிட்டார். இருவரும் போனோம். தாள் அவர் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது. கவிழ்த்து வைக்க என்ன காரணம் இருக்கும் என்று யோசித்ததில் அவர் சொன்ன முதல் வாக்கியம் காதில் விழவில்லை.

"...பயப்படற அளவுல இல்லை."

"பயப்படற அளவு எதுங்க டாக்டர்?" நிரஞ்சன்.

காட்டினார். என்னுடையது அதற்குக் கீழே இருந்தது. பூஜ்யம் இல்லை. கீழே.

ஸ்கேன் செய்தார். கருவியை நகர்த்தி நகர்த்தித் திரையைப் பார்த்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் புருவத்தைப் பார்த்தேன். முதுகெலும்பு, இதயம், தலை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "இந்த மாசத்துக்கு எப்படி இருக்கணுமோ அப்படி இருக்கு" என்றார். மற்ற உலோகங்கள்? "நீ எடுத்த அளவுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான் நினைக்கிறேன். நூத்துக்கு நூறுன்னு நான் எழுதித் தர மாட்டேன். யாரும் தர முடியாது. மாசாமாசம் பாப்போம்."

பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணு சொல்றேன். இருபத்திரண்டாம் தேதி நீ போன் பண்ணி, அசைவு இல்லை, அவர்கிட்ட சொல்லாதீங்கன்னே. இருபத்தஞ்சாம் தேதி இவர் பண்ணி, எண்ணெய்ல தப்பாயிருச்சு, அவகிட்ட சொல்லாதீங்கன்னாரு. அவகிட்டச் சொல்லிருங்கன்னு நானே இவர்கிட்டச் சொன்னேன், கேக்கல. என்னை என்ன உண்டியல்னு நினைச்சீங்களா, ஆளுக்கொண்ணு போட்டுட்டுப் போறதுக்கு?"

நிரஞ்சன் என்னைப் பார்த்தான். 

நான் போன் செய்ததை இங்கேகூட எழுதவில்லை. இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

"ஆளியே வேணும்னா முத்திரை போட்ட திங்கற எண்ணெய் எடு, அடுப்புல காட்டாம. இல்லாட்டி பாசி மாத்திரை. அது நேராப் போய்ச் சேரும். ரெண்டும் சரிதான். நீயே பாத்துக்க." 

ஜூலை 3

அத்தைக்குச் சொல்ல வேண்டாம் என்றான் நிரஞ்சன். "அம்மா தாங்க மாட்டாங்க."

"இதையேதான் என்னையும் சொன்னே."

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து சொன்னேன், பாதி நேரம் வெங்காயத்தைப் பார்த்து. முதலில் புரியவில்லை. "கதவுக்கு அடிக்கறதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு கத்தியைக் கீழே வைத்தார்.

"காய்ச்சினதுன்னு நாந்தானே சொன்னேன்."

"அத்தை..."

"நாந்தானே சொன்னேன். எனக்கென்ன தெரியும்னு நான் வாயத் தொறந்தேன்? இனி இந்த ஊட்டுல நான் எதுக்கும் வாயத் தொறக்க மாட்டேன்."

"ஆளி எண்ணெயச் சூடு பண்ணக் கூடாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. படிச்சிருந்தேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாம்."

"தெரியுமா? அப்பறம் ஏங் கண்ணு சொல்லல?"

காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன். நீங்கள் சொல்லி, அவன் வாங்கி, நான் வெறுமனே விழுங்கினால், ஏதாவது ஆகிப்போனால், அந்தப் பழி... வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் எனக்காக முடிக்கவும் இல்லை. வெங்காயக் கையோடு என் வயிற்றில் கை வைத்தார். எதுவும் அசையவில்லை. கையை எடுக்கவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்து நெருப்பு அணைந்த பிறகுதான் எழுந்தார்.

ஜூலை 6

கோயம்புத்தூரிலிருந்து பாசி மாத்திரை வந்தது. வாயைத் திறக்க மாட்டேன் என்ற அத்தை காலை இட்லி ஆறுவதற்குள் திறந்துவிட்டார்.

"பாசியா? பாசில வழுக்கித்தானே உழுவாங்க, அதப் போயித் திங்கச் சொல்றாங்க?"

"கடல்பாசிங்க அத்தை. மீனே அதைத் தின்னுதான் அந்த எண்ணெயச் சேத்துக்குது."

"அந்த டப்பால என்னென்ன எழுதியிருக்குதோ, ஒரு எழுத்து உடாமப் படி."

படித்தேன். தமிழாக்கிப் படித்தேன். பாசி எண்ணெய், மாவுப்பொருளில் செய்த உறை, நீர், நிறமி. "என்ன நிறமி?" என்றான் நிரஞ்சன். செல்லில் தேடினான். கேரட்டில் இருப்பதுதானாம். "கேரட்டு சரி" என்றார் அத்தை. தயாரித்த தேதி, கெடும் தேதி, இரண்டையும் மூவரும் தனித்தனியாகப் பார்த்தோம்.

"இதுதான்னு யாரு சொன்னது? டாக்டரா?"

"டாக்டர் ரெண்டு சொன்னாங்க. அதுல இதை எடுத்தது நானுங்க அத்தை."

"நீயா?"

"நானேதான்."

மாத்திரையை நாக்கில் வைத்தேன். வழவழப்பு. வாசனை இல்லை, சுவையும் இல்லை. ஒன்றுமே சொல்லாத ஒன்றை நம்புவது எவ்வளவு கடினம். துப்பிவிடலாம் என்று ஒரு கணம். நிரஞ்சன் டம்ளரை நீட்டினான். தண்ணீர் கொஞ்சம் என் வயிற்றின்மேல் சிந்தியது.

விழுங்கினேன்.